கிளி போட்ட பீரோ

மைசூர், லஷ்கர் மொகல்லா
2 ஜூலை 1934

மோலிக்கு,

நீ கோபித்துக்கொண்டு தங்கவயலுக்கு வண்டியேறி மூன்று வாரம் ஆகிறது. நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். உன் அப்பா வீட்டில் சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் என்றைக்குக் குறைவு இருந்தது?

நான் கெஞ்சி எழுதுவேன் என்று காத்திருந்தால் இந்தக் காகிதத்தை இத்தோடு மடித்து வைத்துவிடு. பீரோவைக் கொல்லைக் கொட்டகைக்கு அனுப்பியது சரி என்றுதான் இன்றும் சொல்கிறேன். கலியாணச் சீர் என்று உன் அப்பா கொடுத்தது வாஸ்தவம். அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா? உச்சியில் இரண்டு கிளி, கிளிகளுக்கு நடுவே திராட்சைக் குலை, கதவில் நிலைக்கண்ணாடி, கீழே நான்கு சிங்கப் பாதம். உள்ளறை வாசலில் நுழையாததால் இரண்டு வருஷமாக முன்னறையை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "வாருங்கள், உங்கள் வீட்டை நான் அழகாக அமைத்துத் தருகிறேன்" என்று எந்த மனிதனிடம் சொல்வேன்?

மராமத்து இலாகாவில் எட்டு வருஷம் சாக்கடைக்கும் மதகுக்கும் படம் வரைந்தேன். போன தசராவுக்கு வெள்ளைக்கார விருந்தாளிகளின் பங்களாக்களுக்குச் சாமான் போட வந்த சீமைக்காரரிடம் ஒத்தாசைக்கு அனுப்பினார்களே, அந்த ஆறு வாரத்தில்தான் ஓர் அறை எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணால் கண்டேன். அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எனக்குத் தலைவலி வருகிறது. சுவர் முழுக்கச் சோப்புக் கம்பெனி காலண்டர். ஒரு மான்தலை, அதன் கொம்பில் வீட்டுக்காரரின் தொப்பி. கிராமபோனுக்கு லேஸ் பாவாடை.

வேலையை விட்டதில் எனக்கு வருத்தமில்லை. நேற்றுப் பலகை மாட்டினேன்: "ஸ்டானிஸ்லாஸ், ஹவுஸ் பர்னிஷர் அண்ட் டெக்கரேட்டர்." இங்கிலீஷிலும் கன்னடத்திலும் எழுதியிருக்கிறது. எப்போது வருகிறாய் என்று கேட்க மாட்டேன். போகும்போது நீ என்னிடம் சொல்லிக்கொண்டா போனாய்?

ஸ்டானிஸ்லாஸ்


சாம்பியன் ரீப்ஸ், கோலார் தங்கவயல்
9 ஜூலை 1934

மகாராஜராஜஸ்ரீ டெக்கரேட்டர் துரை அவர்கள் சமுகத்துக்கு,

பலகை மாட்டிய சேதி உங்கள் கடிதத்தோடு கூடவே இங்கே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு செலின் எழுதியிருந்தாள். முதல் நாள் ஒருவர் வந்து கலியாணப் பந்தல் போடுவீர்களா என்று கேட்டாராம். இரண்டாம் நாள் ஒருவர் சுண்ணாம்பு அடிக்க ஆள் கேட்டாராம். இரண்டு பேரையும் இங்கிலீஷில் திட்டி அனுப்பினீர்களாம். உங்களுக்குத் தொழில் நன்றாக நடக்கும்.

இங்கே என் நிலைமையைச் சொல்கிறேன். அப்பா சுரங்க ஸ்டோரிலிருந்து வரும்போதே வாசலில் நின்று கேட்கிறார். "என்னாடி, உம் புருசன் சர்க்கார் வேலய வுட்டுட்டு சன்னலுக்குத் துணி அளக்கிறானாமே?" ஆமாம் என்பதா, இல்லை என்பதா? மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் நாலு பேர் இதையே கேட்கிறார்கள். உங்களுக்கு அழகு தெரிந்துவிட்டது, எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அப்பா ஸ்டோரில் உங்களுக்கு ஒரு வேலை பேசி வைத்திருக்கிறார். மண்வெட்டிக்கும் கயிற்றுக்கும் நடுவே உட்கார வேண்டியிருக்கும். அங்கே காலண்டர் ஒன்றுதான் மாட்டியிருக்கிறது, தலைவலி வராது.

எனக்கும் பிடிவாதம் உண்டு என்று உங்களுக்குத் தெரியும். தசராவரை பார்க்கிறேன். அதற்குள் ஒரே ஒரு வீட்டில், அந்த வீட்டுக்காரி, கவனியுங்கள், வீட்டுக்காரர் இல்லை, வீட்டுக்காரி, உங்கள் வேலை நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த வண்டியில் வருகிறேன். சொல்லாவிட்டால் பலகையைக் கழற்றிவிட்டு நீங்கள் இங்கே வர வேண்டும்.

மோலி


மைசூர்
5 ஆகஸ்டு 1934

மோலிக்கு,

உன் அப்பாவிடம் மண்வெட்டிகளைத் தானே பார்த்துக்கொள்ளச் சொல். எனக்கு வீடு கிடைத்துவிட்டது.

புது எக்ஸ்டென்ஷனில் தாலுகாவை ஆண்டு ஓய்வு பெற்ற அமில்தார் ஒருவர் கட்டிய பங்களா. மண்டயம் ஐயங்கார்கள். வீட்டில் பேசுவது ஒரு தினுசான பழைய தமிழ்தான், ஆனாலும் நமக்குப் புரியும். மனிதர் பஞ்சகச்சமும் டர்பனும் கட்டிக்கொண்டு கிளப்புக்குப் போய் டென்னிஸ் ஆடுகிறவரைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவர். என்னைப் பார்த்ததும், "நம்ம முன் ஹால் கிளப் மாதிரி இருக்கணும் ஓய். வர்றவன் அசந்து போகணும்" என்றார். வருகிறவன் ஏற்கெனவே அசந்துதான் போவான். ஹால் நடுவில் ஓர் ஊஞ்சல், ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நெல்மூட்டை, மூட்டைக்கு மேல் இங்கிலாந்து சக்கரவர்த்தியின் படம்.

எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். அமில்தார் எது சொன்னாலும் தலையாட்டுகிறார். அவருக்கு ருசி என்பது துளிக்கூட இல்லை, அதனால் வேலை சுலபம். இன்னொரு சௌகரியமும் உண்டு. அவர் சம்சாரம் ரங்கம்மாள் மகளின் பிரசவத்துக்கு மேல்கோட்டை போயிருக்கிறாராம், புரட்டாசிக்குத்தான் வருவாராம். குறுக்கே பேச ஆளில்லை. திரும்பி வந்து பார்க்கும்போது அந்த அம்மாள் வாயடைத்து நிற்பாள். நீ கேட்ட வார்த்தை உனக்குக் கிடைக்கும்.

அலமாரியைத் திறந்து சேலைகளைத் துவைத்துக் காயவைக்கத் தொடங்கு.

ஸ்டானிஸ்லாஸ்


சாம்பியன் ரீப்ஸ்
14 ஆகஸ்டு 1934

துரை அவர்களுக்கு,

சேலைகளை எந்த அலமாரியில் வைப்பது? என் பீரோவில் செலினின் கோழிகள் முட்டையிடுகின்றனவாம். அவளே எழுதியிருக்கிறாள், சந்தோஷமாக எழுதியிருக்கிறாள். "உன் பீரோ கதவு திறந்தே கிடக்குது, கீழ்த்தட்டுல நாலு முட்ட எடுத்தேன்" என்று. இரண்டு வருஷம் அதில் கற்பூர உருண்டை போட்டுச் சேலை அடுக்கிய முட்டாள் நான்.

அந்த ரங்கம்மாள் இல்லாதது சௌகரியம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். ஊஞ்சலை எடுத்தீர்களே, அதில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவர் யார் என்று விசாரித்தீர்களா? நெல்மூட்டை ஏன் ஹாலில் இருக்கிறது என்று கேட்டீர்களா? அமில்தார் தலையாட்டினாராம். அந்த ஆள் ஆட்டுவது தாலுகா கச்சேரியில் ஆட்டிப் பழகிய தலை. வீட்டுக்குள் அதை யார் மதிக்கிறார்கள்?

உங்களுக்கு இதெல்லாம் சொல்லிப் புரியாது. சீமைக்காரரிடம் ஆறு வாரம் படித்தவருக்கு நான் என்ன சொல்லித் தருவது? கதர்க்கடைக்காரர்கூடத் துணி எடுக்க வருகிறவளிடம், எந்தக் கலர் வேண்டும் அம்மா என்று கேட்டுவிட்டுத்தான் பிரிக்கிறார்.

மோலி


மைசூர்
20 செப்டம்பர் 1934

மோலிக்கு,

முடிந்தது. நீ இப்போது வந்து பார்க்க வேண்டும், மோலி. கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் படி.

சுவருக்கு வெளிறிய மஞ்சள். காலண்டர் ஒன்றுகூட இல்லை. ஊஞ்சலைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டேன். பிரம்பு சோபா இரண்டு, தாழ்வான மேஜை ஒன்று, சன்னல்களுக்குத் தரைவரை தொங்கும் திரை. அறையில் காற்று புழங்குகிறது. அமில்தார் தினமும் சாயங்காலம் கிளப்பிலிருந்து யாரையாவது பிடித்துக்கொண்டு வந்து காட்டுகிறார். வருகிறவர்கள் சோபாவின் நுனியில் பயந்துகொண்டு உட்கார்ந்து எழுந்து போகிறார்கள். பட்டிக்காட்டுக் கூட்டம், பழகிக்கொள்ளும்.

கடைசி வாரம்தான் எனக்குப் பெரிய அதிர்ஷ்டம் அடித்தது. நடுச்சன்னலின் இரண்டு பக்கமும் உயரமான இரண்டு ஸ்டாண்டுகள் வெறுமனே நின்றன. மேலே வைக்க எடுப்பாக ஏதாவது இருக்கிறதா என்று அமில்தாரிடம் கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு டிரங்குப் பெட்டியைக் குடைந்து இரண்டு மரப்பாச்சிகளை எடுத்து வந்தார், ஆண் ஒன்று, பெண் ஒன்று. யாரோ ரசனையில்லாதவர்கள் அவற்றுக்குச் சரிகைத் துணி சுற்றி, மணி கோத்து, மூக்குத்திகூட ஒட்டி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் கழற்றி எறிந்து, எண்ணெய் போட்டுத் துடைத்தேன். உள்ளே செஞ்சந்தனம்! கருஞ்சிவப்பில் அப்படி ஒரு மரம். ராஜாவை இந்தக் கோடி ஸ்டாண்டில், ராணியை அந்தக் கோடி ஸ்டாண்டில் வைத்தேன். நடுவில் சன்னல் வெளிச்சம். சீமைக்காரர் பார்த்தால் தொப்பியைக் கழற்றியிருப்பார்.

ரங்கம்மாள் இருபத்தெட்டாம் தேதி வருகிறார். நீ பெட்டி கட்டு.

ஸ்டானிஸ்லாஸ்


சாம்பியன் ரீப்ஸ்
25 செப்டம்பர் 1934

ஐயோ, என்ன காரியம் செய்தீர்கள்!

கேலி பண்ண நேரமில்லை. இந்தக் கடிதத்தைப் படித்த நிமிஷமே சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். ரங்கம்மாள் வருவதற்குள் அந்தப் பொம்மைகளுக்குத் துணியைக் கட்டி, ஒன்றாகச் சேர்த்து, அதே பெட்டியில் வைத்துவிடுங்கள்.

மைசூரில் பிறந்து மைசூரில் வளர்ந்தவருக்கு இதுகூடத் தெரியாதா? நவராத்திரிக்கு நம் தெருக்கோடி ஐயங்கார் வீட்டில் கொலு வைப்பார்களே, உச்சிப்படியில் முதலில் எதை வைப்பார்கள் என்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்தீர்களா? கலியாணத்தில் பெண்ணுக்குத் தாய் வீட்டில் கொடுக்கிற மரப்பாச்சி அது. புருஷன் பெண்சாதி. வருஷா வருஷம் புதுத்துணி உடுத்தி, ஜோடியாகத்தான் நிறுத்துவார்கள். பிரித்து வைப்பது அந்த வீட்டுத் தம்பதிக்கே ஆகாது என்பார்கள். நீங்கள் துணியை உருவி, ஆளுக்கொரு மூலையில் நிறுத்தி, கிளப்பிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த மூக்குத்தியை யார் ஒட்டியிருப்பார்கள்? அந்த அம்மாளின் அம்மா ஒட்டியிருப்பாள்.

பெண்ணுக்குத் தாய் வீட்டில் கொடுத்த சாமான் கண்ணில் பட்டால் உங்கள் கை சும்மா இருக்காது போலிருக்கிறது.

உடனே போங்கள்.

மோலி


மைசூர்
1 அக்டோபர் 1934

மோலிக்கு,

உன் கடிதம் இருபத்தொன்பதாம் தேதி காலையில்தான் கிடைத்தது. ரங்கம்மாள் முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டார்.

அன்றைக்கே என்னைக் கூப்பிட ஆள் வந்தபோது, பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அமில்தார் வராந்தா மூலையில் பேப்பரை விரித்து அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அந்த அம்மாள் கதவோரம் நின்றார். குள்ளமான உருவம். கையில் இரண்டு பொம்மையும் சேர்த்துப் பிடித்திருந்தார், தன் சேலைத் தலைப்பால் சுற்றி.

"இதுகளை யார் அவுத்தது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். செஞ்சந்தனத்தின் அழகு பற்றி ஒரு வாக்கியம் தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

"எங்கம்மா குடுத்தது. இதுக ரெண்டும் ஒரு நாள் தனியா நின்னதில்லே. யாரைக் கேட்டுப் பிரிச்சீர்?"

"அமில்தாரைக் கேட்டுத்தான்..."

"அவரையா? இந்த ஆத்திலே தீர்த்தச் சொம்பு எங்கே இருக்குன்னு அவரைக் கேளும் ஓய். முழிப்பார். ஊஞ்சல் எங்கேன்னு நான் வந்ததும் கேட்டேன், அழகுக்கு எடுத்தாச்சுன்னார். நான் உட்கார்ற இடம் அழகில்லையா உமக்கு?"

பேப்பர் அசையவே இல்லை. என் வாடிக்கைக்காரர், என்னைக் கிளப்பெல்லாம் புகழ்ந்தவர்! கோழை. அந்த அம்மாள் என் திரைச்சீலைகளைக் கழற்றிச் சுருட்டி வராந்தாவில் போட்டிருந்தார். எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். தெருவெல்லாம் பார்க்க, சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு வந்தேன்.

இந்த ஊருக்கு நெல்மூட்டையும் மான்தலையும் போதும். எனக்கும் போதும். நீ கேட்டது கிடைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வருகிற வாரம் பலகையைக் கழற்றுகிறேன். ஸ்டோர் வேலைக்கு எப்போது வர வேண்டும் என்று உன் அப்பாவைக் கேட்டு எழுது.

ஸ்டானிஸ்லாஸ்


சாம்பியன் ரீப்ஸ்
4 அக்டோபர் 1934

பலகையில் கை வைத்தால் நான் இந்த ஜென்மத்தில் மைசூர் வரமாட்டேன்.

உங்கள் கடிதத்தை அப்பா கையில் கொடுக்கத்தான் எடுத்துப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "அவன் வருவாண்டி. எங்க போயிருவான்? கயித்து மூட்ட தூக்கும்போது தெரியும் அழகு" என்று சிரித்தார். கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். உங்களை நான் திட்டலாம். அதற்கு எனக்குப் பாத்தியம் உண்டு. அவர் சிரிப்பதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

உங்களுக்கு அறை அமைக்கத் தெரியாது என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. நம் முன்னறையில் பீரோ போன பிறகு அந்த இரண்டு நாள் வெளிச்சம் எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியேறினேன். உங்களுக்குத் தெரியாதது வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்பது. அதற்குச் சீமைக்காரர் தேவையில்லை.

நவராத்திரி தொடங்க இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது. கோட்டுப் போடாமல் போங்கள். அமில்தார் பக்கம் திரும்பாதீர்கள். வராந்தாவிலேயே நின்று, "கொலு எங்கே வைக்கணும் அம்மா, நீங்க எங்கே உட்காருவீங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். செஞ்சந்தனம், வெளிச்சம், சீமை, எதுவும் வாயில் வரக்கூடாது. முடியுமா உங்களால்?

முடியாது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் போங்கள்.

மோலி


மைசூர்
21 அக்டோபர் 1934

மோலிக்கு,

போனேன். கோட்டுப் போடவில்லை.

நீ சொன்ன இரண்டு கேள்வியை மட்டும் கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேப்பருக்குப் பின்னாலிருந்து அமில்தார் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "உங்களைக் கேக்கலை" என்றார் ரங்கம்மாள். அதன் பிறகு ஒரு மணி நேரம் அவரே பேசினார். ஹாலில் ஊஞ்சல் இருந்தால்தான் சமையற்கட்டும் வாசலும் ஒரே இடத்திலிருந்து தெரியும். நெல்மூட்டை ஹாலில் இருப்பது பின்கட்டு ஒழுகுவதால். ஒழுகலைச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்துவிட்டதாம். இந்த மகா ரகசியம் அமில்தார் காதில் ஏறவில்லை, எனக்குச் சொல்லவும் யாருமில்லை.

சொன்னபடி செய்தேன். ஊஞ்சல் திரும்பி வந்தது. உடைந்த ஓடுகளை மாற்றி ஒழுகலை நிறுத்தினேன், மூட்டை உள்ளே போயிற்று. என் சோபாக்கள் சுவரோரம் ஒதுங்கின. பெண்கள் யாரும் அதில் உட்காரமாட்டார்களாம். நடுவில் ஜமக்காளம். நடுச்சன்னலுக்கு முன்னால் ஒன்பது படி. மரப்பாச்சிகள் புதுத்துணியில், தோளோடு தோள் உரசிக்கொண்டு உச்சியில் நின்றன. சரிகை கண்ணைக் குத்தியது. நான் பேசவில்லை.

கடைசி நாள் வாசலில் நின்று விடை கேட்டேன். நன்றாயிருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. ஹாலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார். பிறகு சுண்டல் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, அக்ரஹாரத்தில் தன் தங்கை வீட்டிலும் போய்க் கேட்கச் சொன்னார். தங்கை தன் ஓரகத்தியிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு வீடு கையில் இருக்கிறது. இரண்டிலும் ருசி மகா மட்டம்.

நீ கேட்ட வார்த்தை இது இல்லை என்று எனக்குத் தெரியும். தசராவும் முடிந்துவிட்டது. ஆனாலும் இத்தோடு நம் முன்னறையின் படத்தை வரைந்து அனுப்பியிருக்கிறேன். பீரோ முன்னறைக்கே வந்துவிட்டது. கோழி எச்சத்தைச் சுரண்டி, வார்னிஷ் அடித்து, நடுச்சுவரில் நிறுத்தியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அந்தக் கிளிகளைத்தான் பார்க்கிறார்கள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. இருக்கட்டும். வீடு காலியாகக் கிடப்பது அதைவிடச் சகிக்கவில்லை. வந்துவிடு, மோலி.

ஸ்டானிஸ்லாஸ்


சாம்பியன் ரீப்ஸ்
25 அக்டோபர் 1934

என் வீட்டுக்காரருக்கு,

படம் கிடைத்தது. அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பீரோவைத் தேடிக் கண்டுபிடித்து, "பாத்தியா, எம் பீரோ நடுவூட்டுல நிக்குது" என்று ஸ்டோர் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். நம் நாற்காலிகள் இரண்டையும் இரண்டு கோடியில் வரைந்திருக்கிறீர்கள். பட்டும் புத்தி வரவில்லை. சேர்த்துப் போடுங்கள்.

ரங்கம்மாள் "இருக்கட்டும்" என்றாரே, அதைப் போய் இல்லை என்று எழுதுகிறீர்கள். தன் வீட்டில் பிறத்தியான் கை பட்டதற்கு ஒரு வீட்டுக்காரி அதற்கு மேல் என்ன சொல்வாள்? நான் கேட்டது அதுதான். கிடைத்துவிட்டது.

இனி ஒரு விஷயம். அப்பா காதில் விழாத தூரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தப் பீரோ எனக்கும் பிடிக்காது. கலியாணத்தன்று துணியை விலக்கிக் காட்டியபோதே பிடிக்கவில்லை. அந்தக் கிளிகளின் மூஞ்சியைப் பார்த்தால் எங்கள் அத்தைமார் இரண்டு பேர் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிற மாதிரியே இருக்கும். திராட்சைக் குலையில் தூசி துடைத்துத் துடைத்து என் விரல் தேய்ந்துபோயிற்று.

அது கொட்டகைக்குப் போனதற்கா நான் வண்டியேறினேன்? நான் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் நாலு ஆளைக் கூட்டி அதைத் தூக்கினீர்கள். திரும்பி வந்து பார்த்தால் என் சேலையெல்லாம் கட்டிலின் மேல் குவிந்து கிடந்தது. பிறத்தியார் கை என் சேலைகளை அள்ளிப் போட்டிருந்தது. நீங்கள் வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். எனக்கு அழுகை வந்தது, உங்கள் கண்ணில் அது படவில்லை. முந்தின நாள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஒரு பக்கம் நானே பிடித்திருப்பேன்.

வருகிற வியாழக்கிழமை பவுரிங்பேட்டையில் வண்டி மாறி வருகிறேன். சாயங்காலம் ஸ்டேஷனில் இருங்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு வரலாம், எனக்குப் பிடிக்கும். வீட்டுக்கு வந்து காப்பி குடித்ததும் முதல் வேலை, பீரோவைக் கொட்டகையில் கொண்டுபோய் வைப்பது. கூலியாள் யாரையும் கூப்பிட வேண்டாம். கிளிப் பக்கம் கனம் அதிகம், அதை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

செலினிடம் சொல்லிவிடுங்கள், அவள் கோழிகளை அதுவரை வேறெங்கும் பழக்க வேண்டாம்.

மோலி